வீட்டுப் பூஜைக்குக் காமாட்சி அம்மன் பித்தளை விக்கிரகம்: எதைப் பார்த்து வாங்குவது?

மல்லிகைப்பந்தல்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இதுநாள்வரை காஞ்சி காமாட்சி அம்மனின் சட்டமிட்ட படத்தை வைத்தே வழிபட்டு வருகிறோம். வெள்ளிக்கிழமைகளில் குங்கும அர்ச்சனையும் நவராத்திரியில் லலிதா சகஸ்ரநாமப் பாராயணமும் தவறாமல் நடக்கின்றன. வயது முதிர்ந்த என் மாமியார், அம்மனுக்குத் தம் கையால் அபிஷேகம் செய்ய வேண்டும் என்று சில காலமாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார். படத்துக்கு அபிஷேகம் செய்ய இயலாது என்பதால், பித்தளையில் ஒரு சிறிய விக்கிரகம் வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

கடைகளில் விசாரித்ததில் குழப்பம்தான் கூடியது. ஒரே உருவத்தை ஒரு கடையில் காமாட்சி என்றும், அடுத்த கடையில் ராஜராஜேஸ்வரி என்றும், இன்னொரு கடையில் லலிதாம்பிகை என்றும் சொல்கிறார்கள். பித்தளை கேட்டால், "அம்மனுக்குப் பித்தளையா? பஞ்சலோகமாக வாங்குங்கள்" என்கிறார்கள், ஆனால் அந்தப் பஞ்சலோகமும் பார்ப்பதற்குப் பித்தளையைப் போலவே மஞ்சளாக இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் சமையலறையை ஒட்டிய சிறிய பூஜை அலமாரிதான் எங்களிடம் இருக்கிறது. எவ்வளவு உயரம் வாங்கலாம், எப்படிப் பார்த்து வாங்குவது, நாள்தோறும் அபிஷேகம் செய்தால் உலோகம் தாங்குமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

குடந்தையான்:

வணக்கம் அம்மா. கும்பகோணத்தில் பாத்திரக் கடைத் தொழிலில் வளர்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பித்தளை தாழ்ந்தது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை, வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. பஞ்சலோகம் என்று எங்கள் பக்கத்துச் சுவாமிமலையில் வார்ப்பதில் பெரும்பங்கு செம்புதான், அதனோடு பித்தளையும் காரீயமும் சேர்த்து உருக்குகிறார்கள். பொன்னும் வெள்ளியும் மிகச் சிறிய அளவில், பெரும்பாலும் சிலை செய்யச் சொன்னவர்களே கொண்டுவந்து கொடுப்பதாக, அந்த உருக்கில் இடப்படுகின்றன. ஆக, பஞ்சலோகத்துக்குள்ளேயே பித்தளை இருக்கும்போது, அம்மனுக்குப் பித்தளை ஆகாது என்று கடைக்காரர் சொல்வதில் பொருளே இல்லை. செம்பு மிகுந்த பஞ்சலோகத்துக்குச் சற்றுச் சிவந்த நிறம் இருக்கும். பீடத்தின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குப் படாத ஓரிடத்தை அரத்தால் லேசாகத் தேய்த்துப் பார்க்கக் கடைக்காரர் அனுமதித்தால், எலுமிச்சை மஞ்சள் நிறம் தெரிவது பித்தளைதான். பித்தளையைப் பித்தளை என்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்பவரிடம் வாங்குங்கள். என் கவலை உலோகத்தைப் பற்றியது அன்று, பொய்யைப் பற்றியது.

அடுத்தது வார்ப்பு முறை. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு வார்ப்பில் செய்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து முதலில் மெழுகில் அம்மனைச் செய்து, அதன்மீது காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி, உலர்த்தி, அதற்கு மேல் கரடுமுரடான மண்ணை அப்பி, வறட்டி நெருப்பில் சுடும்போது மெழுகு உருகி வெளியேறிவிடும். அந்தக் கூட்டில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறிய பிறகு மண் ஓட்டை உடைத்துச் சிலையை எடுக்கிறார்கள். கூடு உடைந்துபோவதால் ஒரு கூட்டிலிருந்து ஒரு சிலைதான் கிடைக்கும். அதற்குப் பிறகு சிற்றுளி வேலைதான் நாள்கணக்கில் நடக்கும்.

கடைகளில் வரிசையாக ஒரே முகத்தோடு நிற்கும் சிறிய பித்தளை உருவங்களில் கணிசமானவை உத்தரப் பிரதேசத்தின் அலிகரிலிருந்தும் மொராதாபாத்திலிருந்தும் வருபவை. அவை மணல் வார்ப்பு. ஒரு மாதிரியை மணலில் அழுத்தி அச்செடுத்து எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம் என்பதால் விலை குறைவு. அதில் குற்றம் ஒன்றும் இல்லை, அங்கும் கைதேர்ந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் மணலிலிருந்து மாதிரியைச் சேதமின்றி வெளியே எடுக்க வேண்டும் என்பதால், உடலிலிருந்து விலகி நிற்கும் மெல்லிய பகுதிகளை அந்த முறையில் கொண்டுவருவது கடினம். காமாட்சிக்கு இது முக்கியமான செய்தி. அம்மனின் கரும்பு வில்லும் மலர்க்கணைகளும்தான் முதலில் மழுங்கிப்போகும். கரும்பில் கணு தெரியாது, கணையில் பூ தெரியாது, ஒரு குச்சியைப் பிடித்திருப்பது போல இருக்கும்.

பெயர்க் குழப்பத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பாசம் (கயிறு), அங்குசம், கரும்பு வில், ஐந்து மலர்க்கணைகள் ஆகிய நான்கும் காமாட்சிக்கும் லலிதாம்பிகைக்கும் ராஜராஜேஸ்வரிக்கும் பொதுவானவை. மூவரும் ஒரே பராசக்தியின் திருக்கோலங்கள் என்பதால் கடைக்காரர்கள் பெயரை மாற்றிச் சொல்வதை முழுத் தவறு என்று கூற முடியாது. காஞ்சியில் அம்மன் இரு கால்களையும் மடித்துப் பத்மாசனத்தில் அமர்ந்திருக்கிறாள். ஒரு காலைத் தொங்கவிட்டு அமர்ந்த உருவத்தை ராஜராஜேஸ்வரி என்று வழங்குவது அதிகம். நீங்கள் காஞ்சி அம்மனையே மனத்தில் கொண்டிருந்தால் பத்மாசனத் திருக்கோலத்தைத் தேடுங்கள். மேலிரு கரங்களில் பாசமும் அங்குசமும், கீழிரு கரங்களில் வில்லும் கணைகளும் இருக்க வேண்டும். இரு கைகளில் தாமரையும் மற்ற இரு கைகளில் அபய வரத முத்திரைகளும் இருந்தால் அது மகாலட்சுமி. அதைக் காமாட்சி என்று சொல்லி விற்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

உலோகவியலன்:

குடந்தையான் ஐயா சொன்னவற்றோடு, கடையிலோ வீட்டிலோ செய்யக்கூடிய சில சோதனைகளைச் சேர்க்கிறேன்.

காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளையும் பஞ்சலோகமும் காந்தத்தில் ஒட்டா. ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது, அல்லது இரும்பின்மீது முலாம் பூசியிருக்கிறார்கள். ஒட்டவில்லை என்பதால் மட்டும் அது பித்தளை என்று ஆகிவிடாது, ஏனெனில் அலுமினியமும் துத்தநாகக் கலவையும் ரெசினும்கூட ஒட்டுவதில்லை.

அவற்றைப் பிரித்தறிய அடர்த்தி உதவும். பித்தளையின் அடர்த்தி ஒரு கன செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8.4 முதல் 8.7 கிராம் வரை. அலுமினியம் 2.7 கிராம், பொம்மைகளுக்குப் பயன்படும் துத்தநாகக் கலவை 6.7 கிராம் அளவில் இருக்கும். விக்கிரகத்தை எடைபோட்டு, விளிம்புவரை நீர் நிரப்பிய பாத்திரத்தில் நூலால் கட்டி மெல்ல இறக்கி, வழிந்த நீரை அளவுக் குவளையில் பிடித்துப் பாருங்கள். 1,260 கிராம் எடையுள்ள உருவம் 150 மில்லி லிட்டர் நீரை வெளியேற்றினால் அடர்த்தி 8.4 வருகிறது, அது பித்தளைக்குப் பொருந்தும். அதே எடைக்கு 190 மில்லி லிட்டர் அளவில் வழிந்தால் துத்தநாகக் கலவையாக இருக்க வாய்ப்புண்டு. அடிப்பக்கம் குடைவாக இருந்தால் உள்ளே காற்று தங்கிவிடாமல் சாய்த்து இறக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு தவறிவிடும்.

இந்தச் சோதனை பித்தளையையும் பஞ்சலோகத்தையும் பிரித்துக் காட்டாது, இரண்டின் அடர்த்தியும் நெருங்கியவை. அதற்கு, தங்கத்தின் தரம் பார்க்க நகைக்கடைகளில் வைத்திருக்கும் எக்ஸ்ரே கருவி பயன்படும். பொருளுக்குச் சேதமே இல்லாமல் மேற்பரப்பில் செம்பும் துத்தநாகமும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்பதைச் சில நொடிகளில் காட்டிவிடும். பஞ்சலோகத்துக்கான விலையைக் கேட்கிறார்கள் என்றால் இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, அபிஷேகம் செய்யப் போகிறீர்கள் என்றால் இதுவே மிக முக்கியமானது. பளபளப்பு மங்காமலிருக்கப் பல சிலைகளின்மீது நிறமற்ற லாக்கர் பூசி விற்கிறார்கள். அலங்காரப் பொருளுக்கு அது சரி. நாள்தோறும் நீர் படும் விக்கிரகத்தில் அந்தப் பூச்சு திட்டுத் திட்டாக உரிந்து, உரிந்த இடம் கறுத்து, உரியாத இடம் மஞ்சளாக நிற்கும். வாங்கும்போதே பூச்சு இல்லாததைக் கேளுங்கள்.

வைதிகன்:

அம்மையாரின் கேள்வியில் அளவைப் பற்றியது முதலில். வீட்டில் வைக்கும் பிரதிமை கட்டைவிரல் கணு அளவு தொடங்கி ஒரு சாண் வரை இருக்கலாம், அதற்கு மேற்பட்டது சிறப்பன்று என்று மத்ஸ்ய புராணம் கூறுகிறது. சாண் என்பது பன்னிரண்டு அங்குலம், அதாவது விரற்கிடை அளவில் பன்னிரண்டு. இன்றைய இஞ்சுக் கணக்கில் ஏறத்தாழ ஒன்பது. கடைகளில் "பன்னிரண்டு அங்குலம் வரை சாஸ்திரம் அனுமதிக்கிறது" என்று சொல்லி ஓரடி உயரச் சிலையை விற்பது இந்த இரண்டு அளவுகளையும் குழப்பிக்கொண்டதால் வந்தது. உங்கள் அலமாரிக்கு ஐந்து அல்லது ஆறு இஞ்சு உயரமே போதுமானது.

உலோகத்தைப் பற்றியும் ஐயம் வேண்டாம். ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில் கண்ணன் உத்தவருக்கு உபதேசிக்கும்போது, கல், மரம், உலோகம், சாந்து, ஓவியம், மணல், மனம், ரத்தினம் என எட்டு வகைப் பிரதிமைகளைச் சொல்கிறார். உலோகம் என்று பொதுவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. அதே இடத்தில், சாந்தும் ஓவியமும் போன்றவற்றைத் துடைத்தால் போதும், மற்றவற்றுக்கே நீராட்டு என்றும் வருகிறது. உங்கள் மாமியார் படத்துக்கு அபிஷேகம் செய்ய முடியவில்லையே என்று ஏங்கியதும் விக்கிரகத்தை நாடியதும் மரபுக்கு முற்றிலும் இயைந்தவை.

வீட்டு விக்கிரகம் சலம் எனப்படும், இடம் பெயர்க்கக்கூடியது. கோயிலில் அஷ்டபந்தனம் என்ற மருந்துச் சாந்து சாத்தி நிலைநிறுத்திய மூலவர் அசலம். அசலத்துக்கு நாள்தோறும் ஆவாகனமும் (தெய்வத்தை எழுந்தருள அழைப்பது) உத்வாசனமும் (பூஜை முடிவில் வழியனுப்புவது) இல்லை. சலத்துக்கு இவற்றைச் செய்வதும் செய்யாததும் விருப்பத்தைப் பொறுத்தது என்று அதே பகுதி கூறுகிறது. இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், "வீட்டில் விக்கிரகம் வைத்தால் ஒருநாளும் பூஜை தவறக் கூடாது, ஊருக்குப் போனால் தோஷம்" என்ற அச்சத்தால் பலர் வழிபாட்டையே கைவிட்டுவிடுகிறார்கள். ஊருக்குச் செல்லும் நாளில் அம்மனை மனத்தில் வேண்டி, ஒரு கிண்ணத்து அரிசியில் எழுந்தருளச் செய்துவிட்டுப் போகும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நான் அதையே பின்பற்றுகிறேன்.

பொன்னிநதி:

பெரியவர்கள் சொன்னவை மிகவும் பயனுள்ளவை. வீட்டில் நாள்தோறும் பூஜை செய்யும் பெண் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது வேறொன்று. விக்கிரகத்தை வாங்குவது ஒருநாள் வேலை, அதைத் துலக்குவது வாழ்நாள் வேலை. கடையில் நுணுக்கமான வேலைப்பாடு என்று நாம் வியக்கும் இடங்களில்தான் சந்தனமும் குங்குமமும் பாலின் பிசுக்கும் போய்த் தங்குகின்றன. அம்மனுக்குப் பின்னால் வளைவாக நிற்கும் திருவாசியின் சுடர்களுக்கு இடையிலும், தாமரைப் பீடத்தின் இதழ்களுக்கு அடியிலும், கிரீடத்துக்குப் பின்னாலும் விரல் நுழையாது. திருவாசி கழற்றக்கூடியதாக இருந்தால் பாதித் துன்பம் தீர்ந்துவிடும். அபிஷேகத்துக்கு முன் எடுத்து வைத்துவிட்டு, அலங்காரத்தின்போது மீண்டும் பொருத்திக்கொள்ளலாம். பீடத்தோடு பற்றவைத்த திருவாசியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்கு முந்தைய மாலை புளியைக் கரைத்துத் தேய்த்துத் துலக்குவது வழக்கம். அபிஷேகப் பஞ்சாமிர்தத்தைப் பிரசாதமாகக் கொடுப்பதும் உண்டு. குங்கும அர்ச்சனையை அம்மனின் திருமேனிமீதே செய்யாமல், திருவடிக்கு முன்னால் ஒரு சிறிய தட்டை வைத்து அதில் செய்கிறோம், ஏனெனில் ஈரமான திருமேனியில் குங்குமம் படிந்தால் கறை விடுவதே இல்லை.

உலோகவியலன்:

பொன்னிநதி அம்மையாரின் பதிவில் இரண்டு இடங்களில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இரண்டாவது உடல்நலம் பற்றியது என்பதால் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

புளியும் எலுமிச்சையும் பித்தளையைத் துலக்குவது அவற்றிலுள்ள அமிலம் மேற்பரப்பின் ஆக்சைடைக் கரைப்பதால்தான். சிறிது நேரம் தேய்த்து உடனே கழுவினால் தீங்கில்லை. புளிக் கரைசலில் இரவு முழுவதும் ஊறப்போட்டாலோ, புளியோடு உப்பையும் சேர்த்தாலோ, துத்தநாகம் செம்பைவிட எளிதாகக் கரைந்து போய், மேற்பரப்பில் செம்பு மட்டும் மிஞ்சும். விக்கிரகத்தின் முகத்தில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றுவது இதனால்தான். பலர் அதை அழுக்கு என்று எண்ணி மேலும் புளியிட்டுத் தேய்க்கிறார்கள், திட்டு பெரிதாகிறது. செங்கல் பொடியும் கம்பி நாரும் அதைவிட மோசமானவை. கண், மூக்கு, இதழ் ஆகிய நுண்ணிய கோடுகள் சில ஆண்டுகளில் தேய்ந்து போகும். பூந்திக்கொட்டை ஊறிய நீரும் மென்மையான பழைய பருத்தித் துணியும், இடுக்குகளுக்கு மிருதுவான தூரிகையும் அன்றாடத்துக்குப் போதும்.

பஞ்சாமிர்தத்தைப் பற்றி: தயிர், தேன், பழம், எலுமிச்சை ஆகியவை அமிலத்தன்மை கொண்டவை. அவை பித்தளைமீது தங்கினால் செம்பு கரைந்து அவற்றில் கலக்கும். பச்சையாகத் தெரியும் களிம்பு இந்தச் செம்பு உப்புகள்தான். நம் முன்னோர் பித்தளைப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசிய பிறகே அதில் புளிக்குழம்பு வைத்தது இதை அறிந்ததால்தான். மேலும், உளியும் அரமும் எளிதில் ஓடுவதற்காகப் பல பித்தளை வகைகளில் 2 முதல் 3 சதவீதம் காரீயம் சேர்க்கிறார்கள். பழைய உலோகத்தை உருக்கி வார்க்கும்போது எவ்வளவு காரீயம் இருக்கிறது என்பது வார்ப்பவருக்கே தெரியாது. ஆகவே பித்தளை விக்கிரகத்தின்மீது ஊற்றிய பஞ்சாமிர்தத்தைக் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெரியவர்களும் தவிர்ப்பது நல்லது.

பொன்னிநதி:

உலோகவியலன் ஐயா, துலக்குவதில் நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். பஞ்சாமிர்தத்தில் அவ்வளவு எளிதாக உடன்பட மனம் வரவில்லை. அம்மனின் திருமேனியைத் தொட்ட பொருள்தான் பிரசாதம் என்பது நம்பிக்கை. அதை வாயில் இடாமல் ஊற்றிவிடுங்கள் என்று ஒரு மூதாட்டியிடம் எப்படிச் சொல்வது? ஊற்றிய உடனே எடுத்துவிடும் பஞ்சாமிர்தத்தில் அவ்வளவு கரைந்துவிடுமா?

உலோகவியலன்:

உடனே எடுப்பதில் கரைவது குறைவுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் பீடத்தின் இதழ்களுக்கு அடியில் நேற்றைய பிசுக்கு தங்கிப் பச்சை பிடித்திருந்தால், அது இன்றைய பஞ்சாமிர்தத்தோடுதான் இறங்கி வரும். அதோடு, செம்பைக் கண்டறிவது போலக் காரீயத்தை நிறத்தாலோ சுவையாலோ கண்டறிய முடியாது. இது ஒருநாள் உண்பதும் அன்று, வாரந்தோறும் உண்பது.

வைதிகன்:

இருவருக்கும் நடுவில் மரபிலேயே வழி இருக்கிறது. அபிஷேகம் வேறு, நிவேதனம் வேறு. பஞ்சாமிர்தத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை வெள்ளிக் கிண்ணத்திலோ எவர்சில்வர் கிண்ணத்திலோ வைத்து அம்மனுக்கு நிவேதனம் செய்யுங்கள். அம்மன் ஏற்றுக்கொண்ட அந்தப் பங்கே முழுமையான பிரசாதம், அதில் எந்தக் குறையும் இல்லை. திருமேனியில் ஊற்றிய பங்கை மண் நிறைந்த துளசி மாடத்திலோ செடியின் வேரிலோ காலில் படாதவாறு சேர்த்துவிடலாம். தீர்த்தத்தையும் தூய நீரில் தனியே ஒரு பஞ்சபாத்திரத்தில் வைத்து நிவேதித்துக் கொடுக்கலாம். அன்றாட அபிஷேகத்துக்கு நீரே போதும். பாலும் தயிரும் தேனும் பௌர்ணமி, ஆடி வெள்ளி, நவராத்திரி போன்ற நாள்களுக்கு வைத்துக்கொண்டால் விக்கிரகமும் நலமாக இருக்கும், முதியவருக்கும் உடல் தளராது.

நெல்லைச்சீமை:

எல்லோரும் விக்கிரகத்தைப் பற்றியே பேசுவதால் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். எங்கள் பக்கத்தில் அம்மனை வீட்டில் வழிபடுவது என்றால் பெரும்பாலும் விளக்குத்தான். திருவிளக்குப் பூஜையில் விளக்குக்கே பொட்டிட்டு, பூச்சூட்டி, புடைவை போலப் பட்டுத்துணி சாத்தி, விளக்கையே அம்மனாகக் கருதி நூற்றெட்டுப் போற்றி சொல்கிறோம். குலதெய்வம் உக்கிரமான அம்மனாக இருக்கும் குடும்பங்களில் உருவம் வைக்காமல் விளக்கிலோ கலசத்திலோ வழிபடுவதே வழக்கம். மல்லிகைப்பந்தல் அவர்களின் வீட்டில் திருமணச் சீராக வந்த காமாட்சி விளக்கு கட்டாயம் இருக்கும். அதன் பின்தகட்டை உற்றுப் பாருங்கள், பெரும்பாலான விளக்குகளில் இருபுறமும் யானைகள் நீராட்டும் கஜலட்சுமிதான் இருப்பாள். காமாட்சி என்ற பெயரும் திருமகளின் உருவமும் ஒரே பித்தளை விளக்கில் சேர்ந்திருப்பதை நம் பெண்கள் ஒருநாளும் முரண்பாடாக எண்ணியதில்லை. விக்கிரகம் வந்த பிறகும் அந்த விளக்கைப் பின்னுக்குத் தள்ளிவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

மல்லிகைப்பந்தல்:

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு எல்லோருக்கும் நன்றி. மாமியாரிடம் வைதிகன் ஐயா சொன்ன நிவேதன வழியைச் சொன்னேன், மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். காமாட்சி விளக்கு இருக்கிறது, நெல்லைச்சீமை அவர்கள் சொன்னபடியே பின்தகட்டில் யானைகளோடு திருமகள்தான் இருக்கிறாள்.

இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. மாமியாரின் கைகளில் சற்று நடுக்கம் உண்டு என்பதால், கனமான விக்கிரகத்தை எடுத்து வைப்பது அவருக்குக் கடினம். உள்ளீடற்றதாக வாங்கலாமா? மற்றொன்று, இணையத்தில் ஒருவர், பழைய கோயில் ஒன்றிலிருந்து வந்த இருநூறு ஆண்டுப் பழமையான அம்மன் விக்கிரகம் என்று சொல்லி விற்பனைக்கு வைத்திருக்கிறார். பல தலைமுறை பூஜை கண்ட திருமேனி என்பதால் என் கணவர் அதை விரும்புகிறார்.

பழஞ்சுவடி:

அந்த இரண்டாவது எண்ணத்தை உடனே விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தின்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமை கொண்ட சிலை தொல்பொருளாகும். அதை விற்பனை செய்வதற்கு உரிமம் வேண்டும், வைத்திருப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். கோயிலிலிருந்து வந்தது என்று விற்பவரே சொல்கிறார் என்றால், கோயிலின் உடைமை அவர் கைக்கு எப்படி வந்தது என்பதுதான் முதல் கேள்வி. தமிழ்நாட்டில் சிலைக் கடத்தலைத் தடுப்பதற்கென்றே 1983 முதல் காவல்துறையில் தனிப் பிரிவு இயங்குகிறது என்றால், இந்தத் திருட்டு எவ்வளவு பரவலானது என்பதை எண்ணிப் பாருங்கள். ஓர் ஊர் மக்கள் இழந்து தவிக்கும் அம்மனாக அது இருக்கக்கூடும்.

அவர் சொல்வது பொய்யாக இருப்பதற்கும் அதே அளவு வாய்ப்பிருக்கிறது. புதிய வார்ப்பை அமிலத்தில் தோய்த்து மண்ணில் புதைத்துப் பச்சைக் களிம்பு ஏறச் செய்து பழமை என்று விற்பது பழைய தந்திரம். உண்மையென்றால் குற்றம், பொய்யென்றால் ஏமாற்று, எப்படிப் பார்த்தாலும் வாங்கத் தகாதது. உங்கள் குடும்பத்திலேயே தலைமுறையாக வந்த பழைய விக்கிரகம் இருந்தால் அது வேறு செய்தி. அதையும் முறையாகப் பதிவு செய்து வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

குடந்தையான்:

பழஞ்சுவடி ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. முதல் கேள்விக்கு வருகிறேன்.

உள்ளீடற்ற வார்ப்பை நான் விரும்புவதில்லை. வீட்டு விக்கிரகம் கனமாக, உள்ளே வெற்றிடமின்றி இருப்பதே எங்கள் ஊர் வழக்கம். அதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. குடைவுக்குள் அபிஷேக நீர் புகுந்து தங்கி உள்ளிருந்தே களிம்பு பிடிக்கும், அதைத் துலக்கவும் முடியாது. சில இடங்களில் அடிப்பக்கக் குடைவை மெழுகோ சாந்தோ வைத்து அடைத்துத் தருகிறார்கள், அது இன்னும் மோசம். கனத்தைக் குறைக்க வேண்டுமானால் உயரத்தைக் குறையுங்கள். உயரம் ஆறு இஞ்சிலிருந்து நான்காகக் குறைந்தால், மற்ற அளவுகளும் அதே விகிதத்தில் சுருங்குவதால், எடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

நான்கு இஞ்சில் முகம் தெளிவாக இருக்குமா என்று நீங்கள் கேட்கக்கூடும். சிற்ப மரபில் தேவியரின் நின்ற திருக்கோலத்தை மத்திம தசதாளம் என்ற அளவு முறையில், மொத்த உயரத்தை 120 பங்காகப் பிரித்துச் செய்வார்கள். முகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நான்கு இஞ்சு உயரத்தில் நின்ற அம்மனின் முகம் ஒரு செண்டிமீட்டர்தான் வரும், அதில் கண்ணும் புன்னகையும் கொண்டுவருவது மிகக் கடினம். அமர்ந்த அம்மனுக்கு மடித்த கால்களின் உயரம் கணக்கில் வராததால், அதே நான்கு இஞ்சில் முகம் கணிசமாகப் பெரிதாக அமையும். உங்களுக்கு வேண்டியதும் பத்மாசனக் காமாட்சி என்பதால் இது நன்றாகவே பொருந்துகிறது.

கடையில் கிடைப்பதில் மனம் நிறையவில்லை என்றால் சுவாமிமலைக்கு ஒருமுறை வந்து, பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். பித்தளையில் வேண்டும் என்றால் சிலர் தயங்குவார்கள், செம்பு மிகுந்த கலவையில்தான் அவர்களுக்குப் பழக்கம். உங்கள் கருத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். மெழுகு நிலையிலேயே உருவத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலான ஸ்தபதிகள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள், மெழுகில் திருத்துவது எளிது. சொல்ல வேண்டியவை இவைதான்: கரும்பு வில் தோளைத் தொட்டு நிற்க வேண்டும், தனியே நீட்டி நின்றால் நடுங்கும் கையிலிருந்து ஒருமுறை நழுவினாலே ஒடிந்துவிடும். பீடம் அகலமாக இருக்க வேண்டும், திருவாசி கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும், லாக்கர் வேண்டாம். அம்மனின் கண்ணைச் செதுக்கும் கண் திறப்பு கடைசி வேலை. அந்த நாளில் மாமியாரையும் அழைத்து வர முடிந்தால் அழைத்து வாருங்கள், பார்க்க வேண்டிய வேலை அது.

பொன்னிநதி:

நடுங்கும் கைகளுக்கு இன்னொரு யோசனை. விக்கிரகத்தை எடுக்காமலே அபிஷேகம் செய்யும்படி, விளிம்பு உயர்ந்த அபிஷேகத் தட்டிலேயே அம்மனை நிரந்தரமாக எழுந்தருளச் செய்துவிடலாம். மூக்குள்ள தட்டாக இருந்தால் நீர் தானே வடிந்து கீழே வைத்த பாத்திரத்தில் விழும். மூதாட்டி அமர்ந்தபடியே சிறு சங்கினால் நீராட்டலாம். துடைத்து உலர்த்திய பிறகு, ஒரு துளி நல்லெண்ணெயைத் துணியில் தொட்டுத் திருமேனி முழுவதும் மெல்லத் தடவி, மிகுந்ததை ஒற்றி எடுத்துவிட்டால் கறுப்பதும் குறையும்.

மல்லிகைப்பந்தல்:

இணையத்தில் பார்த்த விக்கிரகத்தை வாங்குவதில்லை என்று கணவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். நான்கு இஞ்சில், பத்மாசனத்தில், சொல்லிச் செய்துகொள்வதென்று முடிவு செய்திருக்கிறோம். வந்த பிறகு என்ன செய்ய வேண்டும், இப்போதுள்ள படத்தை என்ன செய்வது என்பதையும் சொன்னால் நிறைவாக இருக்கும்.

வைதிகன்:

கோயில் பிரதிஷ்டை போன்ற விரிவான கிரியைகள் வீட்டுக்குத் தேவையில்லை. மெருகேற்றிய எண்ணெயும் பொடியும் போக நன்றாகக் கழுவி, ஓர் இரவு தூய நீரிலும் மறு இரவு நெல்லிலோ அரிசியிலோ வைத்திருங்கள். புரோகிதர் கிடைத்தால் புண்யாகவாசனம் என்ற தூய்மைச் சடங்கைச் செய்து வைக்கச் சொல்லலாம். கிடைக்காவிட்டால் அருகிலுள்ள அம்மன் கோயிலில் அர்ச்சகரிடம் கொடுத்து, அம்மனின் திருவடியில் வைத்து வாங்கி வருவது போதும். காஞ்சிக்கே போய் வர முடிந்தால் மிகவும் நல்லது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முதல் அபிஷேகத்தை நீராலும் பாலாலும் மாமியார் கையால் செய்யச் சொல்லுங்கள். பால் ஊற்றியதும் நீரால் கழுவித் துடைத்துவிட வேண்டும்.

படத்தை எடுக்க வேண்டியதில்லை. விக்கிரகத்துக்குப் பின்னால், நீர்த்துளி தெறிக்காத உயரத்தில் அப்படியே இருக்கட்டும். அர்ச்சனை விக்கிரகத்துக்குச் செய்தாலும் படத்துக்கும் பூவும் தீபாராதனையும் உண்டு.